சாலைக்கு அந்தப் பக்கம் முப்பது நாள்

"இதுல என்ன தப்பு இருக்கு, சொல்லு பார்க்கலாம்."

ஓப்பல் ஹானேக்கர் கடிதத்தை மேஜைமேல் தள்ளிவிட்டாள். டூலி அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான், திருப்பினான், கடைசியில் முகர்ந்தும் பார்த்தான்.

"பிழை ஏகப்பட்டது இருக்கு, மிஸ் ஓப்பல். ஆனா அதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நான் மூணாம் வகுப்பையே ரெண்டு தடவை படிச்சவன்."

"பிழையை விடு. விஷயத்தைப் படி. வாய்விட்டுப் படி."

டூலி தொண்டையைச் செருமிக்கொண்டான். நாற்பத்து நாலு வயது, பூசணிக்காய் வயிறு, ஒரு காலத்தில் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவன். வாய் மட்டும் இன்னும் பிரேக் பிடிக்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

"'அன்புள்ள அக்கா, இந்தத் தடவையும் வர முடியவில்லை. குடித்துவிட்டுத் தெருவில் விழுந்து கிடந்தேன் என்று பிடித்துவிட்டார்கள். மூன்றாம் வகுப்புச் சிறு குற்றம், முப்பது நாள். வர்ஜீனியா ஜெயில்தான், கவலைப்படாதே, அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு மாறவில்லை. வியாழக்கிழமை பீன்ஸ் போடுகிறார்கள். காலையில் மிஞ்சிய காபியில் ஒரு கோப்பையை அதில் ஊற்றிக் கொதிக்க வைக்கிறார்கள், நீயும் செய்து பார். முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதே. உன் தம்பி கார்லிஸ்.'" டூலி நிமிர்ந்தான். "பாவம், பாசக்காரன். இதுல என்ன தப்பு?"

"ஒண்ணுமே உறுத்தலையா?"

"பீன்ஸ்ல காபி ஊத்துறது கொஞ்சம் உறுத்துது."

ஓப்பலின் பார்வை எதிரே இருந்த நாற்காலிக்குப் போயிற்று. காணாமல் போனவர்களைத் தேடித் தரும் அவளுடைய ஆபீசுக்குச் செவ்வாய்க்கிழமை வந்த நோவெல்லா ரேம்ஸி அதில்தான் உட்கார்ந்தாள். எழுபத்தொரு வயதுக் கிழவி. ஊருக்கு வடக்கே மலைப்பள்ளத்தில் தனியாக இருப்பவள். ரிப்பன் கட்டிய ஏழு கடிதங்களை மடியில் வைத்துக்கொண்டு, "என் கடுதாசிக்காரனைக் கண்டுபிடிச்சுக் குடு, தங்கம். திங்கக்கிழமை என் நெஞ்சைக் கீறப் போறாங்க. அதுக்கு முன்னாடி ஒரு தடவை மூஞ்சியைப் பார்த்துடணும்" என்றாள். தம்பி கார்லிஸ் எட்டு வருஷத்துக்கு முன்பு சண்டை போட்டுக்கொண்டு போனவன். இரண்டு வருஷமாகக் கடிதம் வருகிறது. யார் மூலமோ அவன் முன்பே சொல்லியனுப்பிய முகவரி ஒரு தபால் பெட்டி எண், அவ்வளவுதான். வா வா என்று அவள் எழுதிய ஐந்து தடவையும் அவன் ஏதாவது ஒரு ஜெயிலில் இருந்தான். போட்டோ இருக்கிறதா என்று ஓப்பல் கேட்டதற்கு, "அது எதுக்கும் உதவாது" என்று கையை ஆட்டிவிட்டாள்.

இன்று வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை எல்லாக் குடும்பங்களும் கல்லறைகளைச் சுத்தம் செய்து பூ வைக்கும் நாள். மறுநாள் ஆபரேஷன். தபால் ஆபீஸ்காரன் பெட்டி யாருடையது என்று சொல்ல மாட்டேன் என்று சத்தியம் பண்ணிவிட்டான். கையில் மிச்சம் இருப்பது இந்தத் தாள்கள்தான்.

"டூலி, நீ எந்தப் பக்கத்துல பொறந்தே?"

"தெரியாத மாதிரி கேக்குறீங்களே. அந்தப் பக்கம்தான்."

ஜன்னலுக்குக் கீழே ட்வின்ஃபோர்க்கின் பெரிய தெரு ஓடியது. தெரு நடுவே மஞ்சள் கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் வர்ஜீனியா, அந்தப் பக்கம் டென்னஸி. இந்தப் பக்கத்து முடிதிருத்துபவர் துப்பினால் அந்தப் பக்கத்துப் பூக்கடை வாசலில் விழும். ஆனால் விழுந்த பிறகு அது வேறு மாநிலத்து வழக்கு.

"உங்க பக்கத்துல ஒருத்தன் குடிச்சுட்டுத் தெருவுல கிடந்தா என்ன வழக்கு?"

"சி வகுப்பு. முப்பது நாள் வரைக்கும் உள்ளே, அபராதம் அம்பது டாலருக்கு மேல கிடையாது." டூலி யோசிக்கவே இல்லை. "இதெல்லாம் தாய்ப்பாலோட வந்த ஞானம், மிஸ் ஓப்பல். அனுபவிச்சும் பார்த்தாச்சு. அதுல போனதுதான் என் பஸ்."

"எங்க பக்கத்துல?"

"அதே குடி, அதே தெரு. நாங்க 'ஏ, பி, சி'ன்னு சொல்றதை நீங்க ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு சொல்வீங்க. 'சி'ன்னா மூணு. மூணாம் வகுப்பு, முப்பது நாள்."

"அப்படின்னுதான் இவனும் நெனைச்சிருக்கான்." ஓப்பல் கடிதத்தை விரலால் தட்டினாள். "எங்க பக்கத்துல அது நாலாம் வகுப்பு. நாலாம் வகுப்புக்கு ஜெயிலே கிடையாது. மூணாம் வகுப்புக்கும் கிடையாது. அபராதத்தைக் கட்டிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். உள்ளே தள்ளணும்னா அது ரெண்டாம் வகுப்பாவோ முதல் வகுப்பாவோ இருக்கணும். முப்பத்தோரு வருஷம் வர்ஜீனியா கோர்ட்டுல அந்தத் தாள்ல முத்திரை குத்தினவ நான்."

"ஒரு ராத்திரிகூட வெச்சுக்க மாட்டாங்களா?"

"போதை தெளியிற வரைக்கும் வெச்சுக்குவாங்க. முப்பது நாள் தெளியாத போதை எந்தக் கடையில விக்குது?"

"தெரிஞ்சா நான் இங்கேயா உட்கார்ந்திருப்பேன்?"

ஓப்பல் கட்டிலிருந்து இன்னொரு கடிதத்தை உருவினாள். "இதைப் பாரு. போன வருஷத்தது. கடையில பன்றித் தொடையைத் திருடினதுக்குப் பதினோரு மாசம் இருபத்தொன்பது நாளாம். எங்க ஜட்ஜ் அப்படிச் சொல்லவே மாட்டார். பன்னெண்டு மாசம்னு முழுசா சொல்லுவார். அந்த ஒரு நாளைக் கழிச்சுக் குடுக்கிறது யாரு?"

டூலியின் வாய் ஒரு நிமிஷம் திறந்தபடியே நின்றது. அது அபூர்வமான காட்சி. "நாங்க," என்றான் மெதுவாக. "ஏ வகுப்புக்கு அதுதான் உச்சம். எங்க ஊர்ல சின்னப் பசங்ககூட அதை அப்படியேதான் சொல்லும்."

"நீ படிச்சே, உனக்கு ஒண்ணும் உறுத்தலே. ஏன்னா எழுதினவனும் உன் பக்கத்து ஆளு. ஜெயிலுக்குள்ளே இருந்து சட்டம் படிச்சவன், ஆனா அந்த ஜெயில் டென்னஸி ஜெயில்."

"அப்போ கார்லிஸ் கோட்டைத் தாண்டிட்டான்! அக்கா சொன்னாங்களே, வர்ஜீனியா மண்ணை விட்டு ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன்னு சாகப்போற அம்மாகிட்ட சத்தியம் பண்ணிட்டு, தெருவைத் தாண்டிப் போய் உட்கார்ந்திருக்கான். அக்காவுக்குத் தெரியாம இருக்கத்தான் இந்த டிராமா."

"இருக்கலாம். காலையில உங்க பக்கத்து ஜெயிலுக்குப் போன் பண்ணினேன். கார்லிஸ் ரேம்ஸின்னு யாரும் இப்போ உள்ளே இல்லையாம். வெளியே இருந்துக்கிட்டுதான் உள்ளே இருக்கிறதா எழுதுறான்."

"வெளியே இருக்கிறவன் ஜெயில்ல இருக்கிறதா பொய் சொல்றானா? நாங்கெல்லாம் உல்டாவாத்தான் சொல்லுவோம், மிஸ் ஓப்பல்."

அதுதான் ஓப்பலையும் குடைந்தது. ஒரு மனுஷன் எதற்காகத் தன்னைத்தானே ஐந்து தடவை உள்ளே தள்ளிக்கொள்ள வேண்டும்? அவள் கடிதத்தை மறுபடி படித்தாள். பீன்ஸ் வரியில் கண் நின்றது.

"நீ முப்பது நாள் இருந்தியே, வியாழக்கிழமை என்ன சாப்பாடு?"

"பீன்ஸ்," என்ற டூலியின் முகம் சிவந்தது. "ஒரு விஷயம் சொல்றேன், சிரிக்கக் கூடாது. அந்த பீன்ஸ் ருசி வேற எங்கேயும் கிடையாது. கறுப்பா, கொஞ்சூண்டு கசப்பா... அப்புறம் வெளியே வந்து நாலு வருஷம் கழிச்சு மேவிஸ் ஹோட்டல்ல ஒரு வியாழக்கிழமை சாப்பிட்டேன். அதே ருசி! ஜெயில் சாப்பாட்டுக்கு நாக்கு ஏங்குதுன்னு பொண்டாட்டிகிட்ட எப்படிச் சொல்றது? இன்னிவரைக்கும் சொல்லலே."

ஓப்பல் ஏற்கெனவே கைப்பையைத் தோளில் மாட்டியிருந்தாள்.

"சாப்பிடப் போலாம், வா. நான் வாங்கித் தரேன்."

"கரும்பு தின்னக் கூலியா!" என்று டூலி பின்னால் ஓடினான்.

மேவிஸ் ஹோட்டல் கோட்டிலிருந்து முப்பது அடி தூரத்தில், டென்னஸிப் பக்கத்தில் இருந்தது. மதியக் கூட்டம் கலைந்திருந்தது. ஓப்பல் ஒரு மேஜைக்குப் போய் உட்கார்ந்தாள். பரிமாறுகிற பெண் ஒரு தட்டோடு வரப் போனவள், டூலியையும் பார்த்துவிட்டு இன்னொரு தட்டை எடுத்துக்கொண்டாள். ஓப்பல் வந்தால் ஒரு தட்டு என்பது அந்தத் தெருவில் எல்லோருக்கும் மனப்பாடம். கணவன் விட்டுப் போய்ப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. ஆபீசுக்கு மேல் மாடியில்தான் வீடு. ஐந்து மணிக்கு டூலி தன் பொண்டாட்டி பிள்ளைகளிடம் போன பிறகு அவளோடு பேசுவது ரேடியோ ஒன்றுதான். அந்த ஐந்து மணிக்குப் பயந்து மத்தியானத்திலிருந்தே அவள் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவாள். யாரிடமும் சொன்னதில்லை.

பீன்ஸும் சோள ரொட்டியும் வந்தன. ஓப்பல் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டாள்.

"காபி," என்றாள்.

டூலி அவசரமாக ஒரு வாய் போட்டான். "அட ஆண்டவா! இத்தனை வருஷமா இது காபியா? சட்டியோட கரியைக் கழுவலேன்னு நான் நெனைச்சுக்கிட்டிருந்தேன்!"

"உள்ளே சமைக்கிறது யாரும்மா?" ஓப்பல் பரிமாறும் பெண்ணைக் கேட்டாள்.

"வயசானவர், மேடம். வெளியே வரவே மாட்டார். யாரோடயும் பேச மாட்டார்."

டூலி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "நான் உள்ளே போயி பின்வாசலை மறிச்சுக்கறேன்."

"உட்காரு. பஸ்ஸை மறிக்கிற மாதிரி மனுஷனை மறிக்க முடியாது." ஓப்பல் பில்லைத் திருப்பிப் போட்டு, பேனாவால் ஒரே ஒரு வரி எழுதினாள். காலித் தட்டுக்கு அடியில் அதைச் செருகி, "இதைச் சமையல்காரர்கிட்டே குடுத்துடு" என்றாள்.

"என்ன எழுதினீங்க?"

"'முழங்கால் இப்போ பரவாயில்லை'ன்னு."

தட்டு உள்ளே போயிற்று. பாத்திரச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, அப்புறம் திடீரென்று நின்றது. அடுப்படிக் கதவு திறந்தது. எலும்பும் தோலுமாக உயரமான ஒரு ஆள், ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டே, ஒவ்வொரு மேஜையாகப் பார்த்தான். யாரையோ தேடினான். வந்திருப்பது அவளாக இருக்குமோ என்கிற பயமும் ஆசையும் அவன் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தன. ஓப்பலுக்கு அதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

அவள் எழுந்து போனாள். "கார்லிஸ்?"

"இல்லீங்க, மேடம்," என்றான் அவன். "நான் கார்லிஸ் இல்லை."

பின்வாசல் படியில் உட்கார்ந்துதான் அவனால் பேச முடிந்தது. பெயர் எல்பர்ட் டாக்கெட். டென்னஸிப் பக்கத்து ஜெயிலில் நாலு தடவை இருந்தவன். கடைசித் தடவை பதினோரு மாதம் இருபத்தொன்பது நாள். உள்ளே அவனைச் சமையலில் போட்டார்கள். கார்லிஸ் பழக்கமானது அங்கேதான்.

"வெளியே வந்து ரெண்டு பேரும் சலவைக் கடைக்கு மேல ஒரே ரூம்ல இருந்தோம். தபால் பெட்டி மட்டும் அவன் வர்ஜீனியாப் பக்கத்துல வெச்சிருந்தான். அக்காவுக்குத் தெரியக் கூடாதுன்னு. சாவி என்கிட்ட இருக்கும், ஏன்னா அவனுக்குத் தெருவைத் தாண்டுறதுக்கே சோம்பேறித்தனம்." எல்பர்ட் ஏப்ரன் நுனியை முறுக்கினான். "ரெண்டு வருஷம் முன்னாடி, பிப்ரவரியில, தூக்கத்துலயே போயிட்டான். புதைக்கும்போது பாதிரியாரும் நானும்தான். மறுநாள் பெட்டியைத் திறந்தா அக்காகிட்டேருந்து கடுதாசி."

"பிரிச்சுட்டே," என்றான் டூலி. "அடுத்தவன் தபாலைப் பிரிச்சா அது மத்திய அரசு வழக்கு, அண்ணே. கோட்டுக்கு எந்தப் பக்கம் ஓடினாலும் விடாது."

"டூலி!"

"வாயை மூடிக்கறேன், மிஸ் ஓப்பல்."

"'உங்க தம்பி செத்துட்டான்'னு எழுத உட்கார்ந்தேன், மேடம். மூணு தாள் கிழிச்சேன். எடுத்த எடுப்புல எப்படி எழுதுறதுன்னு, 'உடம்பு எப்படி இருக்கிறது'ன்னு ஆரம்பிச்சேன். அதுக்கு மேல கை ஓடலே. கார்லிஸ்னு கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேன். அடுத்ததுல சொல்லிடலாம்னு நெனைச்சேன். ஆனா பதில் வந்துச்சு. நாலு பக்கம்." அவன் நாலு விரலை நீட்டிக் காட்டினான். "பதினோரு மாசம் இருபத்தொன்பது நாள் உள்ளே இருந்தேன். எனக்கு ஒரு வரி எழுத ஆள் இல்லை. பார்க்க ஒருத்தர் வரலே. இந்தம்மா என்னடான்னா முழங்கால் வலியைப் பத்தி, கோழி அடைகாக்கிறதைப் பத்தி, நாலு பக்கம். எனக்கில்லைன்னு தெரியும். தெரிஞ்சேதான் படிச்சேன்."

"அவங்க வான்னு கூப்பிடும்போது?"

"அவனைப் பிடிச்சு உள்ளே போட்டுட்டேன், மேடம். எனக்குத் தெரிஞ்ச வேற சாக்கு எதுவும் இல்லை."

டூலிக்கு அடக்க முடியவில்லை. "செத்தவனை அஞ்சு தடவை ஜெயில்ல போட்டிருக்கே, அண்ணே. எங்க ஜட்ஜுக்குக்கூட அந்த மனசு வராது." சொல்லிவிட்டு அவனே முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

எல்பர்ட் ஓப்பலின் கையைப் பிடிக்கப் போய், பிடிக்காமல் நிறுத்திக்கொண்டான். "மேடம், ஆபரேஷன்னு இப்பத்தான் கடுதாசியில எழுதியிருக்காங்க, திங்கக்கிழமை முடியட்டும். நெஞ்சு பலவீனமா இருக்கிற நேரத்துல தம்பி செத்துட்டான்னு கேட்டா அந்தம்மா தாங்காது. அப்புறமா நானே சொல்லிடறேன். உள்ளே வெச்சாலும் சரி, பரவாயில்லை. பழகினதுதானே."

முப்பத்தோரு வருஷத்தில் ஓப்பல் எத்தனையோ பேர் கெஞ்சியதைக் கேட்டிருக்கிறாள். இப்படி ஒருவன் தனக்காக இல்லாமல் கெஞ்சி அவள் கேட்டதில்லை. சொன்னால் கிழவியின் நெஞ்சு நின்றுவிடலாம். சொல்லாமல் விட்டு, ஆபரேஷன் மேஜையிலேயே அவள் போய்விட்டால், செத்தவன் வருவான் என்று காத்திருந்தே போவாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. அதை ஓப்பல் செய்ததில்லை.

"கார்ல ஏறு," என்றாள் எல்பர்ட்டிடம். "நான் முதல்ல தனியாப் போய்ப் பேசறேன். நீ கார்லயே இரு."

கார் மலைப்பள்ளத்துக்குள் திரும்பும்போது மணி நாலு.

நோவெல்லா சமையலறையில் இருந்தாள். மேஜை முழுக்கச் சுருக்கம் விழுந்த வண்ணக் காகிதத்தில் செய்த பூக்கள். ஞாயிற்றுக்கிழமைக்காக மூன்று கொத்தாகப் பிரித்து வைத்திருந்தாள்.

"அம்மாவுக்கு, அப்பாவுக்கு," என்று ஓப்பல் மனதுக்குள் எண்ணினாள். மூன்றாவது யாருக்கு என்று அப்போது தோன்றவில்லை.

"மிஸ் நோவெல்லா, கொஞ்சம் உட்காருங்க."

"உட்கார்ந்துதானே இருக்கேன், தங்கம்."

"கார்லிஸைப் பத்தி ஒரு விஷயம்..."

"எங்கே புதைச்சிருக்கு?"

ஓப்பல் தானே ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். வாசலில் நின்ற டூலி தொப்பியைக் கழற்றினான்.

"உங்களுக்கு... எப்போ தெரியும்?" என்றாள் ஓப்பல்.

"முதல் கடுதாசியிலேயே." நோவெல்லா ஒரு பூவின் இதழை விரலால் நீவிவிட்டாள். "'உடம்பு எப்படி இருக்கிறது'ன்னு கேட்டிருந்துச்சு. என் தம்பி பொறந்ததுலேருந்து ஒருத்தரையும் ஒரு தடவைகூட அப்படிக் கேட்டதில்லை. அம்மா சாகக் கிடந்தப்போ உள்ளே வந்தான், 'இன்னிக்கு என்ன சமையல்'னு கேட்டான். கெட்டவன் இல்லை. ஆனா கேக்க மாட்டான். அவன் பேர்ல வேற ஒருத்தன் கேக்குறான்னா, அவன் இல்லைன்னுதானே அர்த்தம்? அன்னிக்கே அழுது முடிச்சுட்டேன். மறுநாள் உட்கார்ந்து பதில் எழுதினேன்."

"யாருக்குன்னு எழுதினீங்க?"

"கேட்டானே, அவனுக்குத்தான். இந்த வீட்டுல என்னை எப்படி இருக்கேன்னு கேட்டு எத்தனை வருஷமாச்சு தெரியுமா, தங்கம்? உண்மையைச் சொன்னா நிறுத்திடுவான்னு பயந்து நானும் சொல்லலே. நான் வான்னு எழுதுவேன், அவன் ஜெயிலுக்குப் போயிடுவான்." அவள் லேசாகச் சிரித்தாள். "செவ்வாய்க்கிழமை நான் உன்கிட்ட யாரைத் தேடச் சொன்னேன்?"

ஓப்பலுக்கு அப்போதுதான் உறைத்தது. இந்தக் கிழவி அந்த அறையில் ஒரு தடவைகூடத் தம்பியைத் தேடச் சொல்லவில்லை. சட்டப் புத்தகத்தை ரெண்டு பக்கமும் புரட்டி ஓப்பல் கண்டுபிடித்ததை, அவள் ரெண்டு வருஷத்துக்கு முன்பே ஒரே ஒரு கேள்வியில் கண்டுபிடித்திருக்கிறாள்.

"கார்ல இருக்கார்," என்றாள் ஓப்பல். "அந்தப் பக்கத்துக்காரர்."

"பீன்ஸ்ல காபி ஊத்தச் சொன்னப்பவே நெனைச்சேன், நம்ம பக்கத்துல யாரு அப்படிச் செய்வா? கூப்பிடு."

எல்பர்ட் வாசற்படியைத் தாண்டாமல் நின்றான். ஏப்ரனைக் கழற்ற மறந்திருந்தான். நோவெல்லா அவனை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தாள்.

"ரெண்டு வருஷமா எனக்குப் பொய் எழுதியிருக்கே."

"ஆமா, மேடம்."

"இதுக்கு என்ன தண்டனை?"

எல்பர்ட் யோசித்தான். கேட்ட கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும் என்று அவன் பாடுபடுவது தெரிந்தது. "எங்க பக்கத்துல இந்த மாதிரிக்கு அதிகபட்சம் பதினோரு மாசம் இருபத்தொன்பது நாள், மேடம்."

"இது வர்ஜீனியா. இங்கே பன்னெண்டு மாசம். ஒரு நாள்கூடக் குறைக்க மாட்டேன். வாரம் ஒரு கடுதாசி, உன் சொந்தப் பேரைப் போட்டு."

"அப்போ படிக்கிறதுக்கு நீங்க இருக்கணும், மேடம்," என்றான் எல்பர்ட். "பன்னெண்டு மாசமும்."

அதுவரை திடமாக இருந்த நோவெல்லாவின் முகம் சட்டென்று உடைந்தது. கன்னத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, பூக்களுக்கு அடியிலிருந்து மடித்த ஒரு தாளை எடுத்தாள்.

"ஆஸ்பத்திரியில குடுத்தாங்க. திங்கக்கிழமை காலையில என்னை உள்ளே கொண்டு போனப்புறம், வெளியே காத்திருக்கிறவங்க பேரை இதுல எழுதணுமாம். எல்லாக் கட்டத்தையும் ரெண்டு வாரம் முன்னாடியே எழுதிட்டேன், இது ஒண்ணைத் தவிர. எனக்குப் பயமா இருக்கு, தங்கம். கத்தியைப் பத்தி இல்லை. உள்ளேருந்து டாக்டர் வந்து பேரைக் கூப்பிடும்போது வெளியே நாற்காலி காலியா இருக்குமேன்னுதான்."

ஓப்பல் அந்தத் தாளை வாங்கி, பேனாவை எடுத்தாள். படிவம் நிரப்புவது அவளுக்குப் பழகிப்போன வேலை. போன வருஷம் கண் ஆபரேஷனுக்குப் போனபோது அவளிடமும் இதே மாதிரி ஒரு தாளைக் கொடுத்தார்கள். கூட வருபவர் என்ற இடத்தில் அவள் 'வாடகைக் கார்' என்று எழுதிக் கொடுத்தாள்.

"முழுப் பேர்?"

"எல்பர்ட் ரே டாக்கெட், மேடம்."

"உறவு?"

எல்பர்ட் தரையைப் பார்த்தான். நோவெல்லாதான் சொன்னாள்: "கடுதாசிக்காரன்னு போடு. அவங்க என்ன, என்னை வெளியே தள்ளிடுவாங்களா?"

ஓப்பல் அப்படியே எழுதினாள். எல்பர்ட் மெல்ல உள்ளே வந்து, பூக்களைக் கசக்காமல் மேஜை ஓரத்தில் உட்கார்ந்து, கார்லிஸ் எங்கே இருக்கிறான், எந்த மரத்துக்குப் பக்கத்தில் என்று சொல்ல ஆரம்பித்தான். நோவெல்லா மூன்றாவது கொத்தை அவன் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

சுவர்க் கடிகாரம் ஐந்து அடித்தது. டூலி வாசலிலிருந்து இருமினான். "மிஸ் ஓப்பல், உங்களை ஆபீஸ்ல விட்டுட்டு நான் வீட்டுக்குப் போகணும். லேட்டானா என் பொண்டாட்டி போடுறது எந்த மாநிலத்துச் சட்டத்துலயும் இல்லை."

ஓப்பல் தாளை மடிக்கப் போனாள். நோவெல்லாவின் கை வந்து அதை மறித்தது.

"அதுல ரெண்டு வரி இருக்கு, தங்கம். ரெண்டு பேர் போடலாமாம்."

ஓப்பல் தாளைக் கையால் அழுத்திச் சமன் செய்து, அந்த இரண்டாவது வரியில் தன் பெயரை எழுதினாள்.

"நீ கிளம்பு, டூலி," என்றாள். "நான் இருந்து சாப்பிட்டுட்டு வரேன்."